படிக்கட்டில் ஒரு நாற்காலி

மார்ச் 4

மாப்பிள்ளைக்கு,

போனில் பேசினால் கத்துவேன். நான் கத்தினால் தங்கச்சி அழுவாள். அவள் அழுதால் குழந்தையும் சேர்ந்துகொள்ளும். அதனால் எழுதுகிறேன். உங்கள் எண்ணை என் போனில் தடுத்து வைத்திருக்கிறேன். லைன் கெட்டுப்போச்சு என்று நினைத்துக்கொண்டு திரும்பத் திரும்ப அடிக்க வேண்டாம்.

சைக்கிள் கேரியரில் கண்ணாடி டம்ளர் கட்டித் தெருத்தெருவாக விற்று, மொத்தக்கடை வரைக்கும் வந்தவன் நான். ஆளைப் பார்த்ததும் கணக்குப் போட்டுவிடுவேன். உங்கள் விஷயத்தில்தான் ஏமாந்துவிட்டேன்.

சனிக்கிழமை நடந்ததை எழுதிவைக்கிறேன், நீங்கள் மறந்துவிடக் கூடாது. தங்கச்சி, பிரசவம் ஆகி ஆறு வாரத்தில் முதல் தடவையாக, டாக்டரிடம் காட்டத் தனியாகப் போயிருக்கிறாள். குழந்தையைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி உங்களிடம் விட்டுப் போயிருக்கிறாள். நான் சாயங்காலம் ஐந்தேகாலுக்கு மாடி ஏறி வருகிறேன். இரண்டாவது மாடியிலேயே அழுகை கேட்கிறது. மூன்றாவது மாடிக்கு வந்தால், வீட்டுக் கதவு சாத்தியிருக்கிறது. உள்ளே பச்சைக் குழந்தை தொண்டை கிழியக் கத்துகிறது. வெளியே அதைப் பெற்ற மகராசன் படிக்கட்டில் உட்கார்ந்திருக்கிறார், இரண்டு கையையும் கக்கத்தில் செருகிக்கொண்டு, பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவர் மாதிரி!

"என்ன மாப்ள, குழந்தை கத்துதே?" என்று கேட்டேன். "தெரியும் மச்சான்" என்றீர்கள். அவ்வளவுதான். அதன் பிறகு நான் பேசியது அந்தக் கட்டடத்துக்கே கேட்டிருக்கும். உள்ளே போய்க் குழந்தையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டேன்.

என் தங்கச்சியையும் அவள் பெண்ணையும் அழைத்துக்கொண்டு வந்துவிட்டேன். இங்கேயே இருக்கட்டும். திட்டும்போதுகூட நீங்க, வாங்க என்றே எழுதுகிறேன், கவனித்தீர்களா? தங்கச்சி என் தோளுக்குப் பின்னால் நின்று பார்க்கிறாள், அதனால்தான்.

இப்படிக்கு,
மச்சான்


மார்ச் 8

மச்சானுக்கு வணக்கம்.

கடிதம் வந்தது. நீங்கள் எழுதியதில் ஒன்றும் பொய் இல்லை. பஸ்ஸுக்குக் காத்திருந்த மாதிரி என்பது மட்டும் சரியில்லை.

குழந்தையை விட்டுவிட்டுப் போகவில்லை. கட்டிலில் மல்லாக்கப் படுக்க வைத்துவிட்டு, கதவைச் சாத்திவிட்டு வெளியே உட்கார்ந்தேன். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டுதான் உட்கார்ந்தேன். நீங்கள் வந்தபோது ஏழு நிமிடம் ஆகியிருந்தது. பத்தாவது நிமிடம் உள்ளே போயிருப்பேன்.

ஏன் என்று கேட்டால், சொல்கிற மாதிரி இல்லை. சொன்னால் உங்கள் தங்கச்சி என்னிடம் குழந்தையைக் கொடுப்பாளா என்று தெரியவில்லை. அவள் என் போனை எடுப்பதில்லை. எடுக்கச் சொல்லுங்கள்.

வீட்டில் கட்டில் காலியாக இருக்கிறது. துணி காயப்போடும் கொடியில் குழந்தையின் சின்னச் சட்டைகள் நான்கு இன்னும் தொங்குகின்றன. எடுக்க மனசு வரவில்லை.

இப்படிக்கு,
தங்கள் மாப்பிள்ளை


மார்ச் 11

மாப்பிள்ளைக்கு,

ஏழு நிமிடமாம், பத்து நிமிடமாம். குழந்தை என்ன இட்லியா, நேரம் வைத்து இறக்க?

அவளிடம் போனை எடுக்கச் சொன்னேன். "ஏன் வெளிய உக்காந்தீங்கன்னு கேட்டா கல்லு மாதிரி நிக்கறார். அவர் வாயத் தொறக்கற அன்னிக்கு நான் போன எடுக்கறேன்" என்கிறாள். நியாயமாகத்தான் இருக்கிறது.

இங்கே எல்லாம் நன்றாக நடக்கிறது. முதலாளியம்மா வந்ததிலிருந்து (உங்கள் மகளுக்குக் கடையில் வைத்த பேர் அதுதான், இந்தக் கடையில் அவள் குரலுக்கு மட்டும்தான் எல்லாரும் ஓடுகிறார்கள்) வீடு வீடாக இருக்கிறது. சாயங்காலம் நாலரைக்குச் சைரன் ஆரம்பிக்கும். ஏழு வரை போகும். அதனால் என்ன? இங்கே ஆளுக்கா பஞ்சம்? சரக்கைக் கட்டுக் கட்டுகிறவர், கணக்குப் பார்க்கிற அம்மா, நான் என்று கை மாற்றிக்கொண்டே இருக்கிறோம். நேற்று என் கையில் ரொம்ப அடம் பிடித்தாள். கணக்கம்மா சிரிக்கிறார்: "ரெண்டு குலுக்குக் குலுக்குங்க முதலாளி, உங்க பெட்டி மாதிரி. எங்க உடைஞ்சிருக்குன்னு தெரிஞ்சிடும்."

அவர் சும்மா சொல்லவில்லை. லாரியிலிருந்து இறங்கும் ஒவ்வொரு பெட்டியையும் காதுக்குப் பக்கத்தில் தூக்கி இரண்டு குலுக்கு. உள்ளே ஒரு டம்ளர் விரிசல் விட்டிருந்தாலும் சில்லென்று சொல்லிவிடும். இருபத்தைந்து வருடமாக இந்தக் காது தப்பியதில்லை. பெட்டியையே அடக்கின கைக்கு ஒரு பிடி குழந்தை எம்மாத்திரம்? உங்களை மாதிரிப் படிக்கட்டுக்கு ஓடுகிற ஆள் நான் இல்லை.

மச்சான்


மார்ச் 13

மச்சானுக்கு,

உங்கள் கடிதம் மத்தியானம் கிடைத்தது. சாப்பாட்டை மூடி வைத்துவிட்டு எழுதுகிறேன். உங்கள் கடைப் பக்கம் போகிற லாரிக்காரரிடம் கொடுத்து அனுப்புகிறேன். தபாலை நம்பி இதை விட முடியாது.

முதலில் ஒரு விஷயம். அவளைக் குலுக்காதீர்கள். விளையாட்டுக்குக்கூட வேண்டாம். கணக்கம்மாவிடமும் கட்டுக்காரரிடமும் இதைச் சொல்லுங்கள். மடியில் வைத்து ஆட்டுவது, தோளில் போட்டுத் தட்டுவது, தொட்டில் ஆட்டுவது எல்லாம் வேறு, அது தாராளமாகச் செய்யலாம். நான் சொல்வது அக்குளில் பிடித்துத் தூக்கி வேகமாகக் குலுக்குவது.

நான் ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுக்கிறவன். நோயாளிகளைப் பற்றி வீட்டில் பேசுகிற பழக்கம் இல்லை. இந்த ஒன்றை மட்டும் பேர் ஊர் இல்லாமல் சொல்கிறேன். போன வருடம் நாலு மாதக் குழந்தை ஒன்று வந்தது. உடம்பில் ஒரு கீறல் இல்லை. தூங்குகிற மாதிரியே இருந்தது, ஆனால் எழுப்பினால் எழவில்லை. படத்தைத் திரையில் பார்த்தேன். மண்டைக்குள் ரத்தம். அதன் அப்பா வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். யாரும் கேட்காமலே சொல்லிக்கொண்டிருந்தார்: "அழுகைய நிறுத்தத்தாங்க. கொஞ்சம்தான் குலுக்கினேன். அடிக்கவே இல்லீங்க." குடிகாரர் இல்லை, ரௌடி இல்லை. இஸ்திரி போட்ட சட்டை. குழந்தைக்குப் பால் புட்டிகூட மறக்காமல் எடுத்து வந்திருந்தார். நல்ல மனுஷன், மச்சான். அதுதான் என்னைப் பயமுறுத்தியது.

குழந்தை பிழைத்தது. பார்வை வரவில்லை.

அந்த வயசில் தலை கனம், கழுத்தில் பலம் கிடையாது. மூளை வெண்ணெய் மாதிரி. குலுக்கினால் அது மண்டைக்குள் முன்னும் பின்னும் போய் மோதும். மெல்லிய ரத்தக் குழாய்கள் அறுந்துபோகும். சில நொடி போதும். உங்கள் பெட்டிக்குள் உடைந்தால் சத்தம் வரும். குழந்தைக்குள் உடைந்தால் சத்தம் வராது. உண்மையில் அழுகை நின்றுபோகும். குலுக்கினவர் அடங்கிவிட்டது என்று நினைத்துக் கட்டிலில் படுக்க வைப்பார்.

இப்போது சனிக்கிழமை. மூன்றரைக்கு அழ ஆரம்பித்தாள். பால் கொடுத்தேன், துணி மாற்றினேன், ஏப்பம் வர வைத்தேன். ஜுரம் இருக்கிறதா என்று பார்த்தேன், இல்லை. தோளில் போட்டு நடந்தேன். எனக்குத் தெரிந்த இரண்டு பாட்டையும் பாடினேன், அழுகை கூடியது. இந்த வயசில் சில குழந்தைகள் சாயங்காலம் இப்படிக் காரணமே இல்லாமல் அழும், இரண்டாவது மாதத்தில் உச்சிக்குப் போகும், பிறகு தானாகக் குறையும் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் என்ன? ஐந்து மணி தாண்டியபோது அவளை முகத்துக்கு நேராகத் தூக்கி "நிறுத்து!" என்று கத்தினேன். ஆறு வாரக் குழந்தையிடம். கத்தின பிறகுதான் பார்த்தேன், என் விரல்கள் அவள் விலாவில் இறுகியிருந்தன.

அந்த இஸ்திரிச் சட்டைக்காரர் ஞாபகம் வந்தார். கீழே வைத்தேன். மல்லாக்க, தலையணை, போர்வை எதுவும் இல்லாமல். கதவைச் சாத்தினேன். வெளியே வந்த பிறகு இந்தக் கைகளை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. கக்கத்தில் செருகிக்கொண்டேன். அப்போதுதான் நீங்கள் மாடி ஏறி வந்தீர்கள்.

இதை உங்கள் தங்கச்சியிடம் எப்படிச் சொல்வேன்? "என் கை நம்ம பொண்ணைக் குலுக்கப் பார்த்தது" என்றா? இந்தக் கடிதத்தை அவளிடம் கொடுங்கள். படித்த பிறகு வராவிட்டால் பரவாயில்லை. குழந்தை நன்றாக இருந்தால் போதும்.

கை பொறுக்காத நேரம் வந்தால் கீழே வைத்துவிட்டு வெளியே போங்கள். யாரையாவது கூப்பிடுங்கள். என்னையே கூப்பிடலாம். என் எண்ணைத் தடுத்து வைத்திருப்பதாக எழுதினீர்கள். அதை மட்டும் எடுத்துவிடுங்கள்.

தங்கள் மாப்பிள்ளை


மார்ச் 21

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நேற்று போனில் பேசியாகிவிட்டதே, இன்னும் எதற்குக் கடிதம் என்று கேட்பீர்கள். போனில் நீங்கள்தான் பேசினீர்கள். எனக்கு வாய் வரவில்லை. சொல்ல வேண்டியது நிறைய இருக்கிறது, அதை வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில் என் குற்றம். உங்கள் கடிதம் வந்த அன்றைக்கே படித்தேன். தங்கச்சியிடம் கொடுக்கவில்லை. மேஜை டிராயரில் போட்டுப் பூட்டினேன். கணக்கம்மாவிடமும் கட்டுக்காரரிடமும் குலுக்க வேண்டாம் என்று சொன்னேன், அது வரைக்கும் சரி. ஆனால் மனசுக்குள், 'இவர் கை இறுகினால் எல்லார் கையும் இறுகுமா? படித்தவன் கை, பூஞ்சை. நம்ம கை அப்படியா?' என்றுதான் நினைத்தேன். உங்கள் எண்ணை மட்டும் விடுவித்தேன். எதற்கு என்று அப்போது எனக்கே தெரியாது.

நேற்று கடை விடுமுறை. தங்கச்சிக்குப் பல் வலி, டாக்டரிடம் போனாள். கடைக்கு மேலே உள்ள வீட்டில் நானும் முதலாளியம்மாவும் மட்டும். நாலரைக்குச் சைரன். நான் பயப்படவில்லை. பால், துணி, தோள், நடை எல்லாம் ஆயிற்று. சாவிக்கொத்தை ஆட்டிக் காட்டினேன். டம்ளரில் ஸ்பூனால் தட்டித் தாளம் போட்டேன். ஒன்றும் நடக்கவில்லை. என் வாழ்க்கையில் நான் பேரம் பேசிப் படியாத ஆள் அவள் ஒருத்திதான்.

ஐம்பது நிமிடம், மாப்பிள்ளை. அந்தச் சத்தம் காது வழியாகப் போய் முதுகுத்தண்டில் இறங்குகிறது. முன்னே கை மாற்றிக் கை மாற்றி வைத்திருந்தபோது ஒருவர் கையிலும் பதினைந்து நிமிடத்துக்கு மேல் அவள் இருந்ததில்லை. அதை என் சாமர்த்தியம் என்று உங்களுக்கு எழுதியிருந்தேன்.

ஹாலில் ஆளுயரக் கண்ணாடி ஒன்று நிற்கிறது, விற்காத சரக்கு. அதில் பார்த்தேன். அவளைத் தூக்கிப் பிடித்திருக்கிறேன். இரண்டு பக்கமும் இரண்டு உள்ளங்கை, கட்டைவிரல் முன்னால், காதுக்கு நேராக. பெட்டிப் பிடி. இருபத்தைந்து வருடப் பழக்கம் தானாகவே போய் அந்த இடத்தில் நின்றிருக்கிறது. அடுத்தது என்ன வரும் என்று என் தோளுக்குத் தெரியும். எனக்குத் தெரிவதற்கு முன்னாலேயே அதற்குத் தெரியும்.

'குழந்தைக்குள் உடைந்தால் சத்தம் வராது.' உங்கள் எழுத்து அப்படியே கண் முன்னால் வந்தது. கீழே வைத்தேன். மல்லாக்க. கதவைச் சாத்தினேன். செருப்புகூடப் போடாமல் தெருவுக்கு வந்து நின்றேன். கையை எங்கே செருகினேன் என்று நான் சொல்ல வேண்டுமா?

எதிர்த்த பேப்பர் கடைக்காரர் பார்த்துவிட்டார். "என்னய்யா, மாடில குழந்தை கத்துது, நீ இங்க காத்து வாங்கற? நெஞ்சுல ஈரம் இல்லையா உனக்கு?" என்று சத்தம் போட்டார். என் வாயிலிருந்து உங்களுக்கு வந்த அதே கேள்வி. வட்டியோடு எனக்குத் திரும்பி வந்துவிட்டது.

அப்போதுதான் உங்களுக்கு அடித்தேன். போன வாரம் வரைக்கும் தடுத்து வைத்திருந்த எண். முதல் மணியிலேயே எடுத்தீர்கள். நான் ஒன்றும் சொல்லவில்லை. நீங்கள் என்ன கேட்டீர்கள் என்று உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதோ என்னவோ, நான் சாகிற வரைக்கும் மறக்க மாட்டேன்.

"கீழ வெச்சுட்டீங்களா?"

"வெச்சுட்டேன்."

"மல்லாக்க?"

"ஆமா."

"குலுக்கலையே?"

"இல்ல மாப்ள. இல்ல."

"அழுகை கேக்குதா?"

"தெருவுக்கே கேக்குது."

"அப்ப நல்லது. அழற குழந்தை மூச்சு விடுற குழந்தை. பத்து நிமிஷம் கழிச்சுப் போய்ப் பாருங்க. அது வரைக்கும் நான் லைன்லயே இருக்கேன். ஏதாவது பேசுங்க."

"என்னத்தப் பேசறது?"

"என்னைத் திட்டுங்க. பழக்கம்தானே."

சிரிப்பு வந்துவிட்டது எனக்கு. நடுத்தெருவில், வெறுங்காலோடு, கண்ணில் தண்ணீரோடு சிரிக்கிறேன். பேப்பர் கடைக்காரர் பயந்து உள்ளே போய்விட்டார்.

பத்தாவது நிமிடம் போய்ப் பார்த்தேன். அப்போதும் அழுதுகொண்டுதான் இருந்தாள். ஆனால் தூக்கினபோது என் கை வேறு கையாக இருந்தது. இன்னும் இருபது நிமிடம் அழுதாள். பிறகு என் சட்டைப் பொத்தானைப் பார்த்துக்கொண்டே தூங்கிப்போனாள், ஒன்றுமே நடக்காத மாதிரி.

தங்கச்சி வந்ததும் டிராயரைத் திறந்து உங்கள் கடிதத்தைக் கொடுத்தேன். என் கதையையும் சொன்னேன். இரண்டு தடவை படித்தாள். கடிதத்தை மடித்து மடியில் வைத்துக்கொண்டாள். என்னிடமும் கோபம், உங்களிடமும் கோபம் என்று நினைத்தேன். பிறகு சொல்கிறாள்: "நாலாவது வாரத்துல ஒரு நாள் அவளக் கட்டில்ல கொஞ்சம் வேகமாவே போட்டுட்டேன் அண்ணா. குளிக்கற ரூம்ல போய் உக்காந்து அழுதேன். என்னை மாதிரிக் கெட்டவ யாருமே இல்லைன்னு நெனச்சு அவர்கிட்டகூடச் சொல்லல."

பார்த்தீர்களா? மூன்று பேர். மூன்று பேரும் தனித்தனியாக, நாம் மட்டும்தான் இப்படி என்று வாயை மூடிக்கொண்டிருந்தோம்.

அப்புறம் திட்டும் விழுந்தது, அதில் குறைவில்லை. "கடிதாசிய ஒரு வாரம் பூட்டி வெச்சிருக்கீங்க. நீங்க கூட்டிட்டு வர்றீங்க, அவர் வராட்டாப் பரவால்லைங்கறார். நான் என்ன உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல போற பார்சலா?" என்றாள். உடையும் சரக்கு என்று மேலே எழுதாததுதான் குறை என்றேன். தலையணை பறந்தது.

மாப்பிள்ளை, நான் நன்றி சொல்லிப் பழகாதவன். என்னிடம் சரக்கு வாங்குகிறவர்கள்தான் எனக்குச் சொல்வார்கள். இது எழுத வரவில்லை, இரண்டு தடவை எழுதி எழுதி அடித்துவிட்டேன். அன்றைக்குப் படிக்கட்டில் நீங்கள் என் தங்கச்சியின் மகளைக் காப்பாற்றிக்கொண்டிருந்தீர்கள். நான் உங்களைக் கட்டடமே கேட்கத் திட்டினேன். நேற்று, அதே வாயை வைத்துக்கொண்டு உங்களைக் கூப்பிட்டேன், என்னையும் காப்பாற்றினீர்கள். அவளுக்குக் கண் தெரிகிறது. என் பொத்தானைப் பார்க்கிறாள். இதற்கு மேல் எனக்கு எழுதத் தெரியவில்லை.

மச்சான்


மார்ச் 25

மச்சானுக்கு,

உங்கள் தங்கச்சி போன் செய்தாள். ஒரு மணி நேரம். பாதி நேரம் இரண்டு பேரும் பேசவே இல்லை, லைனில் இருந்தோம், அவ்வளவுதான்.

உங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். நான் பெரிய தைரியசாலி மாதிரி எழுதியிருக்கிறீர்கள். அன்றைக்குப் படிக்கட்டில் நான் நடுங்கிக்கொண்டிருந்தேன். நீங்கள் திட்டத் திட்ட, ஒரு பக்கம் நிம்மதியாக இருந்தது. இந்த ஆள் உள்ளே போய்த் தூக்கிக்கொள்வார், இனி என் கை வேண்டாம் என்று. நீங்கள் அவளைத் தோளில் போட்டுக்கொண்ட விதத்தைப் பார்த்தேன். அன்றைக்கே நன்றி சொல்லியிருக்க வேண்டும். திட்டுக்கு நடுவில் இடம் கிடைக்கவில்லை.

போனில் உங்கள் பேர் வந்தபோது ஆஸ்பத்திரியில் இருந்தேன். ஸ்கேன் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன், அதே மாதிரி இன்னொரு படம் வந்துவிடுமோ என்று பயந்தேன். நீங்கள் "வெச்சுட்டேன்" என்றீர்கள். அதைவிட நல்ல வார்த்தை நான் கேட்டதில்லை.

ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரையும் அழைத்துப்போக வருகிறேன். கொடியில் இருந்த சட்டைகளை மடித்து வைத்துவிட்டேன். குழந்தைக்கு இப்போது பத்தாது என்கிறாள் உங்கள் தங்கச்சி.

தங்கள் மாப்பிள்ளை


மே 6

மாப்பிள்ளைக்கு,

முதலாளியம்மா சிரிக்க ஆரம்பித்துவிட்டாள், சாயங்காலச் சைரனும் அரை மணி நேரமாகக் குறைந்துவிட்டது என்று தங்கச்சி சொன்னாள். நீங்கள் சொன்ன கெடுவுக்குள் சரக்கு வந்து சேர்ந்துவிட்டது. நம்பிக்கையான பார்ட்டி நீங்கள்.

இங்கே கடை வெறிச்சென்று இருக்கிறது. நாலரை மணி ஆனால் கணக்கம்மா தலையைத் தூக்கி மாடியைப் பார்க்கிறார். கிடங்கில் இன்னும் பெட்டிகளைக் குலுக்கித்தான் பார்க்கிறோம், அது தொழில். ஆனால் குழந்தைகளுக்கான பால் புட்டிப் பெட்டி போகும்போது மட்டும் ஒவ்வொன்றிலும் ஒரு துண்டுச் சீட்டு வைக்கிறேன். எதிர்த்த பேப்பர் கடைக்காரர்தான் அச்சடித்துக் கொடுத்தார். விஷயத்தைச் சொன்னதும் அன்றைக்கு என்னைத் திட்டினதற்கு மன்னிப்புக் கேட்டார். "அட விடுங்க, நான் இதைவிடப் பெரிசாத் திட்டினவன்" என்றேன். சீட்டில் இருப்பது இவ்வளவுதான்: 'அழுகை நிற்கவில்லையா? கை பொறுக்கவில்லையா? மல்லாக்கப் படுக்க வை. வெளியே போ. யாரையாவது கூப்பிடு. குலுக்காதே.' கணக்கம்மா "மரியாதையா எழுதலாமே" என்றார். அந்த நேரத்தில் மரியாதை பார்க்க யாருக்கு நேரம் இருக்கும் என்றேன்.

இந்தக் கடிதத்தோடு லாரியில் ஒரு நாற்காலி வருகிறது. இரும்பு நாற்காலி, கைப்பிடி உண்டு. கைப்பிடி இருக்கிறதா என்று பார்த்துத்தான் வாங்கினேன். கையைக் கக்கத்தில் செருக வேண்டாம், அதைப் பிடித்துக்கொள்ளலாம். மூன்றாவது மாடியில், உங்கள் வீட்டு வாசலுக்கு வெளியே, படிக்கட்டை ஒட்டிப் போடுங்கள். அன்றைக்கு நீங்கள் உட்கார்ந்திருந்த அதே இடம். அக்கம்பக்கத்தில் யாராவது கேட்டால் மச்சான் சீர் என்று சொல்லுங்கள். இரண்டாவது மாடியில் புதிதாகக் குழந்தை பிறந்திருக்கிறதாமே, அவர்களையும் வந்து உட்காரச் சொல்லுங்கள்.

அடுத்த மாதம் வருவேன். மாடி ஏறி வரும்போது அந்த நாற்காலி காலியாக இருந்தால் எனக்குச் சந்தோஷம். உள்ளே அழுகை கேட்டு, வெளியே அதில் யாராவது உட்கார்ந்திருந்தால், ஒரு வார்த்தை பேசாமல் பக்கத்துப் படியில் நானும் உட்கார்ந்துகொள்வேன்.

என்றும் நன்றியுள்ள,
மச்சான்